விட்ட படிப்பைத் தொட மூன்று வழிகள்

சுவா பெத்தோங், பிராட்வால், லின்சம், ஜெராம் பாடாங் என்று தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் நெகிரி செம்பிலானில் பல. அவற்றில் ஆறாம் ஆண்டை முடித்து, புகுமுக வகுப்பைக் கடந்து, படிவம் மூன்றிலோ ஐந்திலோ நின்றுபோனவர்களில் பலருக்கு இன்று நாற்பது வயதாகிறது. செம்பனைக் காட்டில் மண்டோராகவும், செனாவாங் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளராகவும் இருக்கிறார்கள். பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பும் இரவில், நமக்கும் இது முடியுமா என்ற எண்ணம் வருகிறது.

முடியும். ஆனால் எந்த வழியில் போவது என்பதை வயது தீர்மானிப்பதில்லை. கையில் இல்லாத தாள் எது, பட்டம் எந்த வேலைக்கு என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

எஸ்.பி.எம். தேர்வை மீண்டும் எழுதுவது

அரசாங்க வேலை குறி என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வழியைத்தான். பட்டதாரிக்கான அரசுப் பதவிக்கு எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் தேவை. நான்கைந்து ஆண்டு உழைத்துப் பட்டம் வாங்கிய பிறகு, பதினேழு வயதில் தவறவிட்ட ஒரு தாள் குறுக்கே நின்றால் எவ்வளவு வலிக்கும்! பள்ளியை விட்டவர்கள் மாநிலக் கல்வி இலாகா வழியாகத் தனியாகப் பதிந்து தேர்வு எழுதலாம். முழுச் சான்றிதழ் வேண்டுவோர் மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற வேண்டும். வரலாற்றுத் தேர்ச்சி 2013 முதல் கட்டாயம். தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எஸ்.பி.எம். பாடங்கள், தோட்டப் பள்ளியில் ஊன்றிய தமிழ் இங்கே கைகொடுக்கும். செலவு குறைவு. ஆனால் மாலையில் களைத்து வந்து, தனியே உட்கார்ந்து படிக்கும் மன உறுதி வேண்டும்.

அனுபவத்தைக் காட்டி நுழைவது

தனியார் நிறுவனத்தில் பதவி உயர்வுக்குப் பட்டம் தேவை, எஸ்.பி.எம். சரியாக அமையவில்லை என்பவர்களுக்கு, முன் அனுபவத்தைக் கற்றலாக ஏற்கும் ஏப்பெல் ஏற்றது. மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ. நடத்தும் ஏற்பாடு இது. சான்றிதழ்ப் படிப்புக்கு 19, டிப்ளோமாவுக்கு 20, இளங்கலைக்கு 21 வயது நிறைந்து, படிப்புக்குத் தொடர்புள்ள வேலை அனுபவமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இளங்கலைக்கு ஒரு தகுதித் தேர்வு உண்டு. செய்த வேலைகளைச் சான்றுகளோடு தொகுத்த கோப்பையும் கொடுக்க வேண்டும்.

பிறகு எங்கே படிப்பது? 2000ஆம் ஆண்டில் தொடங்கிய மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குச் சிரம்பானில் கற்றல் மையம் உண்டு. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வட்டார மையம் கோலாலம்பூரில் இருக்கிறது. லாபு, நீலாய், ரெம்பாவ் பக்கம் இருப்பவர் கொமுட்டர் ரயிலில் போய்விடலாம். போர்ட்டிக்சனுக்கு அந்த ரயில் இல்லை. பகாவ் அந்தப் பாதையிலேயே இல்லை. பெரும்பாலான பாடம் இணையத்தில் நடப்பதால், தோட்ட வீட்டில் இணைய இணைப்பு எப்படி என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். கணினி பழகாதவர்கள் ஜெலுபு, ஜெம்போல், ரெம்பாவ் சமூகக் கல்லூரிகளின் குறுகிய காலப் பயிற்சிகளை விசாரிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: சில தொழில்முறை வாரியங்களுக்குத் தனி நுழைவு விதிகள் உண்டு. தாதிமை, பொறியியல் போன்ற துறைகளை நினைப்பவர், ஏப்பெல் வழி செல்லுமா என்று பணம் கட்டும் முன் கேட்டறிய வேண்டும்.

கைத்தொழிலைச் சான்றிதழாக்குவது

டிராக்டர் பழுது பார்ப்பவர், வயரிங் வேலை செய்பவர், ஆலையில் இயந்திரம் பராமரிப்பவர் ஆகியோருக்கு எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ் நெருக்கமானது. முன்பு பெற்ற திறனை அங்கீகரிக்கும் பி.பி.தி. முறையில், வகுப்பில் உட்காராமலே, செய்துவந்த வேலையை ஆதாரத்தோடு காட்டி அதைப் பெறலாம். மூன்றாம் நிலையைக் கொண்டு டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டத்தை எட்ட மூன்றில் இதுவே நீண்ட வழி. ஆனால் வழியில் கிடைக்கும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் வேலைச் சந்தையில் மதிப்புண்டு.

பணமும் பத்திரங்களும்

டிப்ளோமாவுக்கும் அதற்கு மேற்பட்ட படிப்புக்கும், 55 வயதுக்குள் இருப்பவர் ஊழியர் சேமநிதியின் கல்விக்கான மீட்பைக் கேட்கலாம். 2024 மே மாதச் சீரமைப்புக்குப் பிறகு அது ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து வருகிறது. ஓய்வுக்காலப் பணம் என்பதால் குடும்பத்தோடு பேசி எடுப்பது நல்லது. தேசிய உயர்கல்வி நிதியான பி.டி.பி.டி.என். கடன் கேட்பவரின் வயது 45ஐத் தாண்டியிருக்கக் கூடாது. எந்தக் கல்லூரி என்றாலும், படிப்பின் பெயர் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

ஏப்பெல், பி.பி.தி. இரண்டுக்கும் வேலைச் சான்றே உயிர். தோட்டக்காரர்களுக்குச் சிக்கல் வருவதும் இங்கேதான். சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி நிறுவனங்கள் 2007இல் ஒன்றாயின. பழைய சம்பளச் சீட்டில் ஒரு பெயர், இன்றைய பலகையில் வேறு பெயர். ஆகவே ஆண்டுவாரியான சேமநிதி அறிக்கையை எடுத்து, எந்த முதலாளி எப்போது சந்தா கட்டினார் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். கூடவே, இப்போதைய தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் சொல்லி, பதவியும் பணிக்காலமும் குறிப்பிட்ட கடிதம் ஒன்றை இந்த மாதமே வாங்கிவிட வேண்டும்.