நண்பனை இழந்த இளங்கவிஞருக்கு



இங்கிலாந்தின் மகாகவிகள் நூற்றாண்டுதோறும் பாடிவந்த ஒரு விஷயத்தில் உனக்கென்று என்ன மிஞ்சியிருக்கப்போகிறது என்று மனம் சோர்ந்து, காலஞ்சென்ற நண்பனைக் குறித்துத் தொடங்கிய இரங்கற்பாவைப் பாதியில் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். பாடுபொருள் பழையதுதான், அந்தப் பழமைக்கு நீ அஞ்ச வேண்டியதில்லை.

1637-இல் ஐரிஷ் கடலில் மூழ்கி இறந்த எட்வர்ட் கிங், கேம்பிரிட்ஜில் மில்டன் படித்த கல்லூரியிலேயே படித்தவர். அவருக்காக ‘லிசிடஸ்’ பாடியபோது, இறந்தவனை ஆயனாகவும் துக்கிப்பவனை அவன் தோழனாகவும் பாவிக்கும் பழைய கிரேக்க, ரோமானிய மரபை மில்டன் கூச்சமின்றி ஏற்றுக்கொண்டார். ஆயினும் அந்த மேய்ச்சல் நிலத்தின் நடுவிலேயே, தம் மந்தையைப் பட்டினி போடும் மதகுருமார்மீது அவர் கொண்ட தார்மிகக் கோபம் வெடித்துக் கிளம்புகிறது. இரவல் வடிவத்தில் அவருடைய சொந்த ஆத்மா பேசும் இடம் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

கீட்ஸ் 1821-இல் ரோமில் மறைந்தபோது ஷெல்லி அதே மரபில் ‘அடோனைஸ்’ இயற்றினார். மறு ஆண்டே அவரையும் கடல் கொண்டது.

டெனிசனை மட்டும் நீ நிதானமாகப் படிக்க வேண்டும். அவருடைய நண்பர் ஆர்தர் ஹாலம் 1833-இல் வியன்னாவில், 22 வயதில், திடீரென்று மாண்டபின், நூலாக்கும் நோக்கமின்றி டெனிசன் அவ்வப்போது எழுதிவைத்த சிறு பாடல்கள் 17 ஆண்டுகள் சேர்ந்து, 1850-இல், ஆசிரியர் பெயரின்றி ‘இன் மெமோரியம்’ என வெளிவந்தன. இடையில் லயலின் பூகர்ப்ப சாஸ்திர நூலையும் அவர் படித்திருந்தார். ஆகவே, உயிரினங்களை இனம் இனமாக அழித்துச் செல்லும் இயற்கைக்குப் பின்னால் கருணையுள்ள ஈசுவரன் உண்டா என்ற அந்தக் காலத்துச் சந்தேகம் முழுவதும் ஒரே ஒரு நண்பனின் மரணத்தோடு பின்னிக்கொண்டது. அத்தனை பெரிய கேள்வியைத் தாங்கும் வலிமை அந்தச் சொந்தத் துக்கத்துக்கு இருந்தது.

1917-இல், போர்முனையில் மனம் நொந்து ஸ்காட்லாந்து மருத்துவமனையில் இருந்த வில்பிரட் ஓவன், சவச்சடங்கின் மணியோசைக்குப் பதிலாகப் பீரங்கி முழக்கத்தை வைத்து, 14 அடிகளில் ஒரு தலைமுறைக்கே இரங்கல் பாடினார். போர் ஓய ஒரு வாரம் இருக்கையில் அவரும் களத்தில் மடிந்தார்.

உன் நண்பனைக் கவனிப்பாரின்றிக் கிடத்திய ஆஸ்பத்திரியின்மீது எழுந்த சினத்தைக் கவிதைக்குப் பொருந்தாதென்று நீக்கிவிட்டாயாமே! மலரும் நிலவும் அழும் அடிகள் மரபு தந்தவை, அவை இருக்கட்டும். நீக்கிய அடிகளோ நீயன்றி வேறொருவர் எழுத முடியாதவை. அவற்றை மீண்டும் சேர்த்து, அவசரப்படாமல் முடித்து, எனக்கு அனுப்பிவை.