வேண்டாம் என்றாள் ரேகா

மேற்கு வங்காளத்தில் புருலியா என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. வறட்சியான பூமி. அங்கே பல குடும்பங்களுக்குப் பீடி சுற்றுவதுதான் பிழைப்பு. பெரியவர்களோடு பிள்ளைகளும் உட்கார்ந்து சுற்றுவார்கள்.

ரேகா காலிந்தி அப்படி ஒரு வீட்டுப் பெண். சிறு வயதிலேயே பீடி சுற்றினாள். பிறகு குழந்தைத் தொழிலாளர்களுக்கான சிறப்புப் பள்ளியில் சேர்ந்தாள். படிப்பு அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

அந்த நேரத்தில் வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தது. ரேகாவுக்கு 11, 12 வயதுதான் இருக்கும்.

பெற்றோர் கெட்டவர்களா? இல்லை. வீட்டில் வறுமை. ஊர் வழக்கமும் அதுதான்.

ரேகா தன் அக்காளை நினைத்துப் பார்த்தாள். அக்காளுக்கும் சின்ன வயதில்தான் கல்யாணம் ஆனது. உடம்பு முதிராத வயதில் கர்ப்பம். பெற்ற பிள்ளைகள் தங்கவில்லை. அந்தத் துயரத்தை ரேகா கண்ணால் பார்த்தவள்.

"வேண்டாம்" என்று சொன்னாள். தாய்க்குக் கோபம் வந்தது. ரேகா அசையவில்லை. பள்ளியில் தோழிகளிடம் சொன்னாள். ஆசிரியரிடமும் சொன்னாள். அவர்கள் துணைக்கு வந்தார்கள். அதிகாரிகளும் பெற்றோரிடம் பேசினார்கள். பெற்றோர் மனம் மாறினார்கள். கல்யாணம் நின்றது.

செய்தி பரவியது. அதே மாவட்டத்தில் வேறு சிறுமிகளும் "வேண்டாம்" என்று சொல்லத் துணிந்தார்கள். 2009இல் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் ரேகாவை நேரில் சந்தித்துப் பாராட்டினார். 2010இல் அவளுக்குத் தேசிய வீரதீர விருது கிடைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இல் வந்தது. கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு 18 வயது நிறைய வேண்டும். ஆணுக்கு 21 வயது நிறைய வேண்டும். மீறி நடத்தி வைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கல்யாணம் முடிந்துவிட்டால் வழியே இல்லையா? இருக்கிறது. சிறு வயதில் கல்யாணம் ஆன பெண், 20 வயது நிறைவதற்குள் நீதிமன்றம் போகலாம். அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு கல்யாணம் நடக்கப் போகிறதா? 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இரவும் பகலும் சொல்லலாம். கட்டணம் இல்லை.

ரேகா தனியாகத்தான் "வேண்டாம்" என்றாள். ஆனால், துணைக்கு நாலு பேர் வந்ததால்தான் கல்யாணம் நின்றது. அந்த நாலு பேரில் ஒருவராக நாமும் இருக்கலாம்.

கலந்து பேசுவோம்

1. பெண் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் செய்வது ஏன்?
2. அதனால் அந்தப் பெண் எதை எல்லாம் இழக்கிறாள்?
3. நம் தெருவில் ஒரு சிறுமி "வேண்டாம்" என்றால், நாம் என்ன செய்வோம்?

எழுதிப் பழகுவோம்: வேண்டாம், படிப்பு, துணை, 1098.