மூணு விலை, ஒரே ஊசி

தங்கச்சி, கம்பத்துலயோ சின்னமனூர்லயோ வீட்டு முன் அறையில ஆரி ஸ்டாண்டைப் போட்டு பிளவுஸ் வேலை ஆரம்பிச்சிருக்கியா? அப்படின்னா முதல் மாசமே உனக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கும். ஊசி பிடிக்கக் கை பழகிடுது, விலை சொல்ல வாய் பழக மாட்டேங்குது. "மதினி, பார்த்துப் போட்டுக் குடு"ன்னு ஒருத்தங்க சொன்னதும், நாக்கு தானா இருநூறு ரூபாய் இறங்கிடுது.

நான் ரொம்ப நாள் ஆளைப் பார்த்துத்தான் விலை சொல்லிட்டிருந்தேன். நூல் சேலையில வந்த ஒரு அக்காவுக்கு 1,500 ரூபாய். கழுத்து நிறைய நகையோட வந்த இன்னொருத்தங்களுக்கு அதே டிசைன் 2,800. ரெண்டு பேரும் தேனி பஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து பேசிக்கிட்டாங்க. நூல் சேலைக்காரங்களுக்கு மூணு ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருந்துச்சு. நகை போட்டிருந்தவங்க, விசேஷம் முடிஞ்ச மறுநாள் அதை அடகுக்கடைக்குக் கொண்டு போக வேண்டிய நிலையில இருந்தாங்க. அவங்க அதுக்கப்புறம் என் வீட்டுப் படி ஏறவே இல்ல. அவங்க கோபம் நியாயமானதுதான். எல்லாருக்கும் ஒரே விலை கட்டுப்படியாகாதுன்னு நான் நினைச்சது சரி. யாருக்கு எந்த விலைன்னு நானே முடிவு பண்ணதுதான் தப்பு.

இதைச் சரியாச் செய்யற ஒரு இடம் நம்ம தேனியிலயே இருக்கு. அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. 1976ல மதுரையில டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்சது, 1985ல தேனிக்கு வந்துச்சு. அங்க பணம் கட்டியும் பார்த்துக்கலாம், குறைஞ்ச கட்டணத்துலயும் பார்த்துக்கலாம், இலவசமாவும் பார்த்துக்கலாம். வருமானச் சான்று கொண்டான்னு கேட்கிறதில்ல. வர்றவங்களே எந்தப் பக்கம் போறதுன்னு முடிவு பண்றாங்க. அறையும் படுக்கையும் மாறும், ஆபரேஷன் பண்ற டாக்டர் கை மாறாது. கட்டுறவங்க பணத்துலதான் கட்ட முடியாதவங்களுக்கும் பார்வை கிடைக்குது. எங்க அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்காக அங்க உட்கார்ந்திருந்தப்பதான் என் விலைக் கணக்குல எது கோணல்னு எனக்குப் புரிஞ்சது.

வீட்டுக்கு வந்து மூணு விலை எழுதினேன். நீயும் எழுது. ஆனா முதல்ல எழுத வேண்டியது கடைசி விலையை. அதுக்குக் கீழ கடவுளே வந்து கேட்டாலும் இறங்கக் கூடாத விலை.

கணக்கை என் பிளவுஸ் ஒண்ணை வச்சே சொல்றேன். கழுத்துக்கும் ரெண்டு கைக்கும் நடுத்தரமான வேலை. பாசி, ஜரி நூல், கல், ஜர்தோசி எல்லாம் சேர்த்து 600 ரூபாய். உட்கார்ற நேரம் 20 மணி. மணிக்கு 60 ரூபாய் வச்சா கூலி 1,200. ஊசி உடையுறது, கரண்ட், போன், பாசி வாங்கப் போற பஸ் செலவுன்னு 100. ஆக 1,900. இதுக்கு நான் "கூலி விலை"ன்னு பேர் வச்சிருக்கேன். ஏழை விலை, சலுகை விலைன்னெல்லாம் ஒருநாளும் பேர் வைக்காத. அதை வாயால சொல்லிக் கேட்க யாருக்கும் மனசு வராது.

மணிக்கு 60 அதிகம்னு உனக்குத் தோணுதா? 2025-26ல நம்ம மாநிலத்துல நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 42. அந்தப் பிளவுஸை நீ ஆயிரத்துக்கு ஒத்துக்கிட்டா, பொருள் போக உன் கையில நிக்கிறது 400. மணிக்கு 20 ரூபாய். கண் எரிய, இடுப்பு நோக உட்கார்ந்து, மண் வெட்டுற கூலியில பாதி கூட இல்ல. புதுசா வர்ற பிள்ளைங்க நிறையப் பேர் இந்த இடத்துலதான் ஆறு மாசத்துல ஸ்டாண்டை மடக்கிப் பரண்ல போடுறாங்க. எனக்கு வயிறு எரியுது.

கூலி விலைக்கு மேல 500 சேர்த்து 2,400. இது "நிறை விலை". புது டிசைன் கத்துக்க, வேலை இல்லாத மாசம் சாப்பிட, உடம்புக்கு முடியாத வாரத்தைத் தாங்க இந்த 500 வேணும். உன் தொழில் ஓட வேண்டிய விலையே இதுதான். இன்னும் 500 சேர்த்து 2,900. அது "கைகொடுக்கிற விலை". கூலி விலையில வாங்குற ஒருத்தங்களுக்கு இவங்க கை கொடுக்கிறாங்க.

ரெண்டு பக்கமும் இடைவெளி ஒண்ணா இருக்கணும்னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கீழ ஒருத்தங்க வந்தா, மேல ஒருத்தங்க வரணும். பத்து பிளவுஸ்ல ரெண்டு கீழ, அஞ்சு நடுவுல, மூணு மேலன்னா மொத்தம் 24,500. நிறை விலைக்கு மேலயே நிக்குது. நாலு கீழ, அஞ்சு நடு, ஒண்ணு மேலன்னா 22,500. 1,500 ரூபாய் உன் கையை விட்டுப் போச்சு. அதனால மாசத்துக்கு எத்தனை கூலி விலைன்னு முன்கூட்டியே வரம்பு போடு. எனக்குப் பத்துக்கு ரெண்டு. அது நிறைஞ்சா, "இந்த மாசம் முடிஞ்சிருச்சுக்கா, அடுத்த மாசம் உங்களுக்கு முதல் இடம்"னு சொல்லு. இது தெரியாம நான் ஒரு தை மாசம் முழுக்க இரக்கப்பட்டே வேலை செஞ்சு, பாசிக்கடைக்குக் கடன் வச்சேன்.

அட்டையில எழுதி ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒட்டு. வாட்ஸ்அப்ல கேட்கிறவங்களுக்கும் அதையே அனுப்பு. நான் எழுதியிருக்கிறது இது: "இந்த வேலைக்கு மூணு விலை. நிறை விலை 2,400. இப்போ கை இறுக்கமா இருந்தா கூலி விலை 1,900. முடிஞ்சவங்க 2,900 கொடுத்தா இன்னொருத்தங்களுக்கு உதவும். எதுன்னு நீங்களே சொல்லுங்க, காரணம் கேட்க மாட்டேன். வேலை மூணுக்கும் ஒண்ணு." அவ்வளவுதான். சொல்லிட்டு வாயை மூடிட்டுக் காத்திரு. அந்த அமைதியில பயந்து நீயே குறைச்சிடாத.

"இப்போ"ங்கிற வார்த்தையை எடுத்துடாத. நம்ம பள்ளத்தாக்குல பணம் வர்றதும் போறதும் மனுஷர் கையில இல்ல. 2019 ஆகஸ்டுல ஏலத்துல கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போன ஏலக்காய், 2022ல ஆயிரத்துக்கும் கீழ விழுந்துச்சு. போடியில விலை ஏறின வருஷம் கைகொடுக்கிற விலைக்கு வாங்கினவங்களே, விலை விழுந்த வருஷம் கூலி விலைக்கு வந்து நின்னாங்க. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சிருச்சு. ஆனா குலை பழுத்து நிக்கிறப்ப மழை பெஞ்சா பழம் வெடிச்சிடும், அந்த வீட்டுல அன்னைக்குப் பணம் இல்ல. விடியறதுக்கு முன்னாடி ஜீப் ஏறி மலைக்கு ஏலக்காய்க் காட்டு வேலைக்குப் போற பெண்களுக்குக் கூலி வாரக் கணக்கு. அவங்ககிட்ட மொத்தமா கேட்காம நாலு வாரமா வாங்கு. பொருள் காசு 600 மட்டும் முன்பணமா வந்துடணும், அது எந்த விலைக்காரங்களா இருந்தாலும்.

தையல்ல குறை வைக்காத. கூலி விலைன்னு பாசியைத் தள்ளித் தள்ளிக் கட்டினா அது ஏமாத்து. முடிச்சுக் கொடுக்கிற நாளை மட்டும் நான் மாத்துறேன்: கூலி விலைக்கு 40 நாள், மத்ததுக்கு 20. ஆவணியில கல்யாணம் வச்சிருக்கிறவங்களை ஆடி பிறக்கும்போதே துணி கொடுக்கச் சொல்லு. தை கல்யாணத்துக்கு மார்கழி. முகூர்த்தம் இல்லாத அந்த மாசங்கள்ல ஸ்டாண்ட் சும்மாத்தானே கிடக்குது.

சொந்தக்காரங்க விஷயம் தனி. சித்தி மகளுக்குக் குறைச்சுக் கொடுத்தா, அத்தை மகளுக்கும் குறைக்கணும். நான் பில்லை நிறை விலைக்கே எழுதி, குறைக்க நினைச்ச தொகையை அந்தக் கல்யாணத்துல மொய்யா எழுதிடுவேன். நோட்டுல பேர் ஏறும், நம்ம வீட்டு விசேஷத்துக்குத் திரும்பியும் வரும். என் உழைப்புக்கும் கணக்குல ஒரு இடம் இருக்கும்.

நம்மகிட்ட வாங்கி விக்கிற பொட்டீக் கடைக்குக் கூலி விலையைக் காட்டவே காட்டாத. அது கை இறுக்கத்துல இருக்கிற மனுஷிக்கு. கடைக்கு நிறை விலை ஒண்ணுதான். பத்து பீஸ் சேர்ந்து வந்தா பேசலாம்.

யார் எந்த விலைக்கு வாங்கினாங்கன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட கூடச் சொல்லாத. நான் நோட்டுல பேர் எழுதுறதில்ல. மூணு கட்டம் போட்டுக் கோடு மட்டும் இழுக்கிறேன். மாசக் கடைசியில கோடுகளை எண்ணிப் பார்த்து, கீழ்க் கட்டத்துல கோடு அதிகமா இருந்தா, அடுத்த மாசத்துக்குக் கூலி விலை வரம்பைப் பத்துக்கு ரெண்டுல இருந்து ஒண்ணாக்கிடுவேன்.