பக்கவாதம் போல் வரும் தலைவலி

தீப்பெட்டி ஆலையில் வேலை முடித்து வீடு திரும்பிய ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள், வயது முப்பதுக்குள். முதலில் கண்முன் நெளிநெளியாய் ஒளிக்கோடுகள் தோன்றுகின்றன. பிறகு வலக்கை விரல்களில் மதமதப்பு தொடங்கி, மெல்ல முழங்கைக்கும் உதட்டுக்கும் பரவுகிறது. அரைமணி நேரத்தில் கையைத் தூக்க இயலவில்லை, நாக்குக் குழறுகிறது. அதன்பின் மண்டையைப் பிளக்கும் வலி. "கை கால் இழுத்துக்கொண்டது" என்று வீட்டார் பதறி அழைத்து வருகின்றனர். ஸ்கேனில் குறை ஏதும் இல்லை. மறுநாள் அவர் எழுந்து நடக்கிறார். உடனே பேச்சு மாறுகிறது: வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்பார் சிலர், கோடங்கியிடம் போகலாம் என்பார் வேறு சிலர்.

இது நடிப்பன்று. ஹெமிப்ளீஜிக் மைக்ரேன் எனப்படும் அரிய வகை ஒற்றைத் தலைவலி இது. டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது.

மூளையின் மேற்பரப்பில் நரம்பணுக்களின் இயக்கத்தைச் சிறிது நேரம் அடக்கியபடி ஓர் அலை நகர்வதே இதன் அடிப்படை. 1944இல் பிரேசில் நாட்டு அறிஞர் லியாவோ இவ்வலையை முயலின் மூளையில் கண்டு விவரித்தார். அது நிமிடத்திற்கு 3 மில்லிமீட்டர் அளவே நகரும். மதமதப்பு விரலிலிருந்து உதட்டுக்கு ஊர்ந்து செல்வது அதனால்தான். பக்கவாதத்திலோ இரத்தக்குழாய் அடைபட்டதும் பெரும்பாலும் எல்லாம் ஒரேயடியாக நிகழும்.

ஆனால் இந்த வேறுபாட்டை வைத்து வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். முதன்முறை கை கால் தளர்ந்தால் அதைப் பக்கவாதம் என்றே கொண்டு 108ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். முன்பே நோய் உறுதியானவரும், தளர்ச்சி வழக்கத்திற்கு மாறாகத் திடீரென வந்தால், காத்திருக்கலாகாது.

சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருகிறது. 1996இல் இதற்குரிய முதல் மரபணு கண்டறியப்பட்டது. அத்தகைய குடும்பங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மரபணு மாற்றம் வர பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. எனவே நாங்கள் தாய், தந்தையரைப் பற்றிக் கேட்கிறோம். வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரியுமோ என்று பலர் மறைக்கின்றனர். அந்த அச்சம் எங்களுக்குப் புரிகிறது. எனினும் மறைத்தால் நோயைக் கண்டறிவது தாமதமாகும்.

மருந்திலும் எச்சரிக்கை தேவை. மற்ற ஒற்றைத் தலைவலிக்குத் தரப்படும் சுமட்ரிப்டான், எர்கோட்டமைன் மாத்திரைகளை இவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை. மருந்துக்கடையில் தலைவலி என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்காதீர்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உட்கொள்வோர் அதையும் எங்களிடம் கூற வேண்டும். தலையில் படும் சிறு அடியும் சிலருக்கு இந்நோயைத் தூண்டும், உறக்கமின்மையும் அவ்வாறே.

அடுத்தமுறை வரும்போது உடனிருப்பவர் கைபேசியில் நேரத்தைப் பாருங்கள். முதலில் பார்வையா, விரலா, பேச்சா, எது எத்தனை நிமிடத்தில் மாறியது என்று ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.