அரசு போடும் பங்கும் அறுபது வயதும்

அன்புள்ள தம்பிக்கு,

தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் வளாகத்தில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் உண்டு. சேலையூரில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் காய்கறி விற்பவருக்கும் அது இல்லை. அவர்களும் சேமிக்கத்தான் செய்கிறார்கள். சீட்டு கட்டுகிறார்கள், குண்டுமணித் தங்கமாவது வாங்குகிறார்கள். ஆனால் மகள் கல்யாணத்தோடும் மகனின் கல்லூரிக் கட்டணத்தோடும் அது கரைந்துவிடுகிறது. அரசும் ஒரு பங்கு போட்டால் அவர்கள் முதுமைக்கென்று தனியே ஒதுக்குவார்களா?

இந்தியா இதைச் செய்து பார்த்திருக்கிறது. 2015-ல் அடல் ஓய்வூதியத் திட்டம் வந்தபோது, தொடக்க மாதங்களில் சேர்ந்த தகுதியுள்ளவர்களுக்கு, கட்டும் தொகையில் பாதியை, ஆண்டுக்கு 1,000 ரூபாய்க்கு மிகாமல், 5 ஆண்டுகள் அரசு போட்டது. பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பங்கு கிடையாது. அப்படியும் கூட்டம் குறையவில்லை. 2025 ஜூலையில் மொத்தச் சேர்க்கை 8 கோடியைத் தாண்டியது.

2019-ல் வந்த பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டமோ ரூபாய்க்கு ரூபாய் தருகிறது. மாதம் 15,000 ரூபாய்க்குள் சம்பாதிக்கும் அமைப்புசாராத் தொழிலாளருக்கு 60 வயதில் மாதம் 3,000. அதில் சேர்ந்தவர்கள் சுமார் அரை கோடிதான். தகுதி வரம்பு குறுகியது என்பது உண்மை. ஆனால் நாட்டின் உழைப்பாளிகளில் பெரும்பகுதியினர் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறார்கள்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் வங்கி. அடல் திட்டத்தில் ஆள் சேர்க்க வங்கிக் கிளைகளுக்கு இலக்கு இருக்கிறது. கணக்குத் தொடங்க வருபவரிடம் ஊழியரே கேட்கிறார். ஒரு கையெழுத்து போட்டால் மாதாமாதம் பணம் தானாகப் போய்விடும்.

டென்மார்க்கிலும் இதே கதை. 1999-ல் அங்கே அதிக வருமானக்காரர்களின் ஒருவகை ஓய்வூதியக் கணக்குக்கு வரிச்சலுகை குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் சகாக்களும் அந்நாட்டுக் கணக்குகளை ஆராய்ந்தார்கள். அரசு விட்டுக்கொடுக்கும் ஒரு டாலருக்கு மொத்தச் சேமிப்பு ஒரு சென்ட் அளவுக்கே கூடியது என்று கண்டார்கள். சலுகையைக் கவனித்தவர்கள் இருந்த பணத்தையே கணக்கு மாற்றிப் போட்டார்கள். கவனிக்காத பெரும்பாலோருக்கோ, சம்பளத்திலேயே நிறுவனம் பிடித்த தொகை உண்மையான சேமிப்பாக நின்றது.

ஆகவே மானியம் மட்டும் சேமிக்க வைப்பதில்லை. பிடித்தம்தான் வைக்கிறது.

ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. அடல் திட்டத்தில் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்திருப்பது மிகக் குறைந்த 1,000 ரூபாய் ஓய்வூதியத்தை. தமிழக அரசு ஏழை முதியோருக்கு இன்றைக்கே மாதம் 1,200 தருகிறது! விலைவாசி ஏற ஏற உயரும் ஏற்பாடும் அடல் திட்டத்தில் இல்லை. மாதம் 5,000 ஓய்வூதியம் வேண்டுமென்றால் 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேர்பவருக்கு அது 1,454. அதற்கு மேல் வயதானால் சேரவே முடியாது.

உங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு இன்னும் 40 ஆகவில்லையென்றால், இந்த வாரமே அவருடைய வங்கிக்குக் கூடப் போய், கட்ட முடிகிற அளவில் பெரிய தொகையாகப் பார்த்து எழுதிக் கொடு.

அன்புடன்,
அண்ணன்