ஸ்கெட்சப்பிலிருந்து ரெண்டருக்கு: வீட்டு மாடல் சிதையாமல் போய்ச் சேர

காஜாங், செமினி, பாங்கி வட்டாரத்துத் தாமான்களில் இருபதுக்கு எழுபது அடி மனையில் நிற்கும் இரட்டை மாடி டெரஸ் வீடுகளுக்கு ரினோவேஷன் வேலை ஓயாமல் நடக்கிறது. பிளான் வரைபவர் ஒருவர். அதற்கு வண்ணமும் வெளிச்சமும் கொடுத்துப் படமாக்குபவர் இன்னொருவர். முன்னவர் ஸ்கெட்சப்பிலோ ரெவிட்டிலோ வேலை செய்வார். பின்னவர் பிளெண்டர், லூமியன், ட்வின்மோஷன் என்று ஏதாவது வைத்திருப்பார். கோப்பு வாட்ஸ்அப்பில் போகும். கொஞ்ச நேரத்தில், "அண்ணே, திறந்தா ஒண்ணுமே தெரியலையே" என்று பதில் வரும். மாடல் உள்ளேதான் இருக்கும்: எறும்பளவில், அல்லது பல கிலோமீட்டர் தள்ளி, அல்லது உட்பக்கம் வெளியே திரும்பிய சுவர்களோடு. இந்த மூன்றையும் அனுப்புகிறவர்தான் சரிசெய்ய வேண்டும். பெறுகிறவர் தன் பக்கம் ஒட்டுப்போட்டுச் சமாளித்தால், வீட்டுக்காரர் ஜன்னலை மாற்றச் சொல்லும் அன்று அத்தனையையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

முதலில் ஒரு பெட்டி

வீட்டை அனுப்புமுன் ஒரு பெட்டியை அனுப்புங்கள். அகலம் 1 மீட்டர், நீளம் 2 மீட்டர், உயரம் 3 மீட்டர். ஒரு பக்கத்துக்குச் சிவப்பு வண்ணம், தரையில் வடக்கு நோக்கி ஒரு அம்புக்குறி. மறுமுனையில் திறந்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆயிரம் மடங்கு தவறினால் மில்லிமீட்டர், மீட்டர் குழப்பம். நூறு மடங்கு என்றால் சென்டிமீட்டர். எஃப்பிஎக்ஸ் கோப்பில் இது அடிக்கடி நேரும். 25.4 மடங்கு என்றால் எங்கோ அங்குலம் நுழைந்திருக்கிறது. ஸ்கெட்சப், திரையில் எந்த அலகைக் காட்டினாலும் உள்ளே அங்குலத்தில்தான் கணக்கு வைத்திருக்கிறது. 3.28 என்றால் அடி. நம் ஊரில் மனையை அடியில் பேசி, பிளானை மில்லிமீட்டரில் வரைவதால் இது எளிதில் நேர்ந்துவிடும். பெட்டி படுத்துக் கிடந்தால் அச்சு மாறியிருக்கிறது: ஸ்கெட்சப்புக்கும் பிளெண்டருக்கும் மேல்நோக்கிய அச்சு இசட், வேறு சிலவற்றுக்கு ஒய். சிவப்புப் பக்கம் எதிர்ப்புறம் போயிருந்தால் மாடல் கண்ணாடிப் பிம்பமாகப் புரண்டிருக்கிறது. ஏற்றுமதி செய்யும்போது திறக்கும் அமைப்புச் சாளரத்தில் எந்த அமைப்பு சரியாக வந்ததோ, அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவருக்கிடையே இனி அதுதான் வழக்கம்.

பூஜ்யத்துக்குக் கொண்டுவருதல்

நில அளவையாளர் தரும் வரைபடம் மாநிலத்தின் காசினி ஆயத்தொலைவுகளில் இருக்கும். அதை அப்படியே இறக்கி அதன்மேல் வீட்டைக் கட்டினால், வீடு பூஜ்யப் புள்ளியிலிருந்து வெகு தூரத்தில் நிற்கும். ரெண்டர் மென்பொருள்கள் பல, ஓர் எண்ணில் ஏழு இலக்கம் அளவுக்கே துல்லியம் வைத்திருக்கின்றன. 20 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் சுவரின் இடத்தை அவற்றால் சுமார் 2 மில்லிமீட்டர் படிகளில்தான் சொல்ல முடியும். ஓடும் ஸ்கர்ட்டிங்கும் சுவரோடு சண்டையிட்டு மினுங்குவது இதனால்தான். ரெவிட்டும் தன் உள் மையத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது.

மனையின் முன்மூலை எல்லைக்கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது பூஜ்யத்தில் வரும்படி எல்லாவற்றையும் ஒன்றாக நகர்த்துங்கள். பழைய ஆயத்தொலைவை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிவையுங்கள். பின்னால் வடிகாலையும் சாலையையும் பொருத்தும்போது அது தேவைப்படும்.

சுவரின் முகமும் பெயரும்

ஸ்கெட்சப்பில் ஒவ்வொரு பரப்புக்கும் முன்பக்கம், பின்பக்கம் உண்டு. காட்சியை மோனோகுரோமுக்கு மாற்றினால் முன்பக்கம் வெள்ளையாகவும் பின்பக்கம் நீலச் சாம்பலாகவும் தெரியும். வெளியிலிருந்து பார்க்கையில் நீலம் தெரியும் சுவர், ரெண்டரில் காணாமல் போகலாம். அதன்மேல் வலது கிளிக் செய்து 'ரிவர்ஸ் ஃபேசஸ்' கொடுங்கள். ஒரு முகம் சரியானதும் 'ஓரியன்ட் ஃபேசஸ்' கொடுத்தால் அதை ஒட்டியவை தானே திரும்பும். அலுப்பான வேலைதான், ஆனால் விடக்கூடாதது.

வண்ணத்தைக் குரூப்பின்மேல் பூசாமல் பரப்பின்மேல் பூசுங்கள். வெளிச்சுவர், உட்சுவர், சீலிங் மூன்றும் வெள்ளையாக இருந்தாலும் மூன்று தனி மெட்டீரியல் வேண்டும். லூமியன் போன்றவை ஒரே மெட்டீரியல் உள்ள இடங்களை ஒன்றாகவே நடத்தும். சுவருக்குப் பளிங்கு கொடுத்தால் சீலிங்குக்கும் ஏறிவிடும். மெட்டீரியலுக்கும் டெக்ஸ்ச்சர் படங்களுக்கும் ரோமன் எழுத்தில், இடைவெளியில்லாத சிறு பெயர் வையுங்கள்.

அடுத்தது எடை. இணையத்திலிருந்து இறக்கிய சோபா, கார், செடிகளை நீக்கிவிட்டு அந்த இடத்தில் எளிய பெட்டி வைத்தால் போதும். ரெண்டர் மென்பொருளில் அதைவிட நல்ல மரம் இருக்கும். பிறகு 'பர்ஜ் அன்யூஸ்ட்' கொடுங்கள். கோயில் திருப்பணிக்குப் படம் செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: ஸ்கேன் செய்த ஒரு கோபுரச் சிற்பமே முழு வீட்டைவிடக் கனமாக இருக்கலாம். பிளெண்டரின் 'டெசிமேட்' கொண்டு அதை மெலிதாக்கிவிட்டு அனுப்புங்கள்.

எந்தக் கோப்பு வகை

லூமியனும் ட்வின்மோஷனும் ஸ்கெட்சப் கோப்பையே நேராக வாங்கிக்கொள்ளும்; இடையில் வேறு வகைக்கு மாற்ற வேண்டியதில்லை. ரெவிட்டிலிருந்து ட்வின்மோஷனுக்கு டேட்டாஸ்மித் செருகுநிரலே சிறந்த வழி. ஆண்டு வருமானம் பத்து லட்சம் அமெரிக்க டாலருக்குக் குறைந்தவர்களுக்கு 2024 முதல் ட்வின்மோஷன் இலவசம் என்பதால் சிறு அலுவலகங்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். பிளெண்டருக்கு என்றால், உங்கள் பதிப்பில் இருந்தால் ஜிஎல்பி. அலகு மீட்டர் என்பதும் மேல் அச்சு எது என்பதும் அதன் விதியிலேயே இருக்கின்றன. படங்களும் உள்ளேயே போகும். ஓபிஜே கோப்பில் அலகே கிடையாது. அதோடு வரும் எம்டிஎல் கோப்பையும் படங்களையும் ஒரே ஃபோல்டரில் சுருக்கி அனுப்பாவிட்டால் வீடு வெறும் சாம்பல் நிறத்தில் திறக்கும். பழைய 3டிஎஸ் வகையைத் தொடாதீர்கள். நீண்ட படப் பெயர்களை அது வெட்டிவிடும்.

காஜாங்கின் வெயில்

எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தும் படம் பொய் சொல்லும் இடம் இது. இடம் குறிக்காத ஸ்கெட்சப் கோப்பு அமெரிக்காவின் போல்டர் நகரத்து நிழலைக் காட்டும். காஜாங் ஏறத்தாழ 3 பாகை வடக்கு, 101.8 பாகை கிழக்கு. மேற்கு மலேசியா 1982 ஜனவரி முதல் உலக நேரத்துக்கு 8 மணி முந்திய கடிகாரத்தில் ஓடுகிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 1.13 மணிக்கு. தீர்க்கரேகையை மட்டும் பார்த்து மென்பொருள் 7 மணி என்று எடுத்துக்கொண்டால் வெயில் முழுதாக ஒரு மணி நேரம் பிசகும்.

மேற்குப் பார்த்த வீடு, 1.5 மீட்டர் நீட்டிய அவ்னிங், மார்ச் அல்லது செப்டம்பர் பிற்பகுதி, மாலை 5 மணி என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் சூரியன் சுமார் 33 பாகை உயரத்தில் இருக்கும். நிழல் சுவரில் ஏறக்குறைய 1 மீட்டர் இறங்கும். நேர மண்டலம் தவறினால் படத்தில் அரை மீட்டர்தான் இறங்கும். அவ்னிங்குக்குக் காசு போடப்போகிறவர் அந்தப் படத்தை நம்பி முடிவெடுப்பார்.

வடக்குத் திசை பெரும்பாலும் கோப்போடு போகாது. டெரஸ் வரிசையை அச்சுக்கு நேராக வரைந்திருப்பீர்கள். உண்மை வடக்கு வேறு பக்கம் இருக்கும். பெட்டியில் வைத்த அம்புக்குறியை வீட்டு மாடலிலும் வைத்து, அதைப் பார்த்துச் சூரியனைக் கையால் திருப்பச் சொல்லுங்கள். ஜூனில் இங்கே நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்தும் டிசம்பரில் தெற்கிலிருந்தும் வரும். இரண்டு மாதத்துக்கும் ஒவ்வொரு படம் எடுத்துக் கொடுப்பது நல்லது.

திருத்தம் வரும்போது

மாற்றத்தை எப்போதும் மூலக் கோப்பில் செய்யுங்கள். அதே பூஜ்யம், அதே மெட்டீரியல் பெயர்கள், அதே ஏற்றுமதி அமைப்பு. ரெண்டர் பக்கத்தில் புதிதாக இறக்காமல், பழைய மாடலுக்கு மேலேயே புதுப்பிக்கச் சொல்லுங்கள்; அங்கே கொடுத்த ஓடும் கண்ணாடியும் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

படம் எவ்வளவு அழகாக வந்தாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு கான்ட்ரெக்டரிடம் வேலையைத் தொடங்கச் சொல்லாதீர்கள். காஜாங் நகராண்மைக் கழகத்தின் அனுமதிக்குப் போவது, அளவுகளோடு தகுதியுள்ளவர் கையெழுத்திட்ட வரைபடம்தான்.