பழைய வெள்ளி நாணயங்களின் மதிப்பை அறிய

● அமெரிக்காவில் 1964 வரையிலான ஆண்டு பொறித்த டைம், குவார்ட்டர், அரை டாலர் ஆகிய நாணயங்களில் 90 விழுக்காடு வெள்ளி உண்டு. 11.66 கிராம் எடையுள்ள பிரிட்டிஷ் இந்திய ரூபாயில், 1939 வரை ஏறத்தாழ 91.7 விழுக்காடும், 1940 முதல் 1945 வரை 50 விழுக்காடும் வெள்ளியாகும்.

● நாணயத்தின் எடையை வெள்ளி விகிதத்தால் பெருக்கி, வெள்ளியை நிறுக்கும் அளவான டிராய் அவுன்சுக்குரிய 31.1 கிராமால் வகுத்து, ஒரு டிராய் அவுன்சு வெள்ளியின் அன்றைய விலையால் பெருக்கினால் உலோக மதிப்பு கிடைக்கும்.

● அரிதான தன்மை, தேய்மானம், நாணயச்சாலைக் குறி (‘எஸ்’ என்பது சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும்) ஆகியவற்றைப் பொறுத்துச் சேகரிப்பாளர் தரும் விலை உலோக மதிப்பினும் உயரக்கூடும் என்பதால், நாணயத்தைத் தேய்த்து மெருகேற்றாமல், இரண்டு மூன்று வணிகரிடம் காட்டிய பின்னரே விற்பது நன்று.